புகைபோக்கிக்கு யார் சலான் போடுவது?

எங்கள் காலனியில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவருக்குப் போன மாதம் போனில் ஒரு செய்தி வந்தது. படிக்கத் தெரியாதவர். நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பேங்குல இருந்து ஏதாச்சும் வந்துருக்கா பாரு தம்பி" என்றார். அது பேங்கிலிருந்து வரவில்லை. இ-சலான். விடியற்காலையில் மகன் அவரை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது ஒரு சிக்னலில் இருந்த கேமரா படம் பிடித்திருக்கிறது. ஓட்டியவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை, பின்னால் உட்கார்ந்தவர் தலையிலும் இல்லை. ஆளுக்கு 1,000 ரூபாய். வண்டி அக்கா பேரில் இருப்பதால் செய்தி அவருக்கே வந்துவிட்டது.

படத்தைத் திறந்து காட்டினோம். இன்னும் விடியாத நேரம். ஆனாலும் வண்டி எண் தெளிவாக இருந்தது. அவர் மடியில் வைத்திருந்த சோற்றுத் தூக்குகூடத் தெரிந்தது. "என்னை இவ்ளோ நல்லா யாரும் போட்டோ புடிச்சதில்ல" என்று சிரித்தார். பிறகு 2,000 ரூபாய் எத்தனை நாள் கூலி என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஹெல்மெட் போடச் சொல்வதில் எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் கொடுத்திருக்கிறது. அதில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். எங்கள் தெருக்களில் இருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். அபராதத்தைக் கட்டினோம். காலனியில் பணம் போட்டு அக்காவுக்கும் மகனுக்கும் இரண்டு ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுத்தோம். நாங்கள் பேச வந்தது வேறு விஷயம்.

எங்கள் இரவுப் பாடசாலை வடசென்னையில் இருக்கிறது. கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். தினமும் மாலை ஒரு பிள்ளை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைத் திறந்து, மணலி நிலையத்தின் காற்றுத்தர எண்ணை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். 50 வரை நல்ல காற்று. 100 வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால் ஆஸ்துமா இருப்பவர்களுக்குச் சிரமம். எங்கள் பிள்ளைகளில் இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த எண் பரீட்சை மார்க்கைவிட முக்கியம்.

அக்காவின் சலான் கதை காலனி முழுக்கப் பரவியிருந்த நேரம். எண் எழுதும் முறை வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை 100-ஐத் தாண்டிய ஒரு எண்ணை எழுதிவிட்டுத் திரும்பிக் கேட்டாள்: "அண்ணா, ஹெல்மெட் போடலன்னா அத்தைக்குச் சலான் வருது. இது நூறத் தாண்டுனா யாருக்குச் சலான் போகும்?"

எங்களில் யாருக்கும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து சட்டங்களைப் படித்தோம். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதில்.

முதலில் கேமரா. சாலைக் கம்பத்தில் இருக்கும் கேமராவுக்குப் புகை தெரியாது. அது நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும். கணினி அந்த எழுத்துகளைப் படித்து, வாகனப் பதிவேட்டில் உரிமையாளர் யார், அவர் போன் எண் என்ன என்று தேடும். அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெரிய நகரங்களிலும், பட்டியலில் உள்ள 132 நகரங்களிலும் இப்படிப்பட்ட கருவிகளை வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் கருவி எடுத்த படம் இருந்தால் போதும், சலான் போடலாம். போலீஸ்காரர் நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. கருவியின் சொல்லே சாட்சி.

அபராதத்தின் அளவும் ஏறியது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் வந்தன. ஹெல்மெட்டுக்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. வண்டி அளவுக்கு மீறிப் புகை கக்கினால், அந்தச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் உண்டு. பழைய எக்ஸ்எல்லாக இருந்தாலும் சரி, ஷேர் ஆட்டோவாக இருந்தாலும் சரி, இதுதான் சட்டம்.

இப்போது புகைபோக்கிக்கு வருவோம். அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை ஆகியவற்றுக்கு 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம். அனுமதித்த அளவுக்கு மேல் காற்றைக் கெடுத்தால் ஒன்றரை ஆண்டு முதல் 6 ஆண்டு வரை சிறை என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. அந்தச் சிறையையும் 2023-இல் 'ஜன் விஸ்வாஸ்' என்ற பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்து எடுத்துவிட்டார்கள். இப்போது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். அதைக் கட்டாமல் இருந்தால்தான் சிறை என்ற பேச்சே வரும். தொழில் செய்வதை எளிதாக்குகிறோம், சின்னத் தவறுகளுக்குச் சிறை வேண்டாம் என்று காரணம் சொன்னார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. எக்ஸ்எல்லின் சைலன்சருக்கு உச்ச அபராதம் 10,000 ரூபாய். ஆலையின் புகைபோக்கிக்குக் குறைந்தபட்ச அபராதம் அதே 10,000 ரூபாய். சைலன்சருக்குச் சிறை இருக்கிறது. புகைபோக்கிக்கு இருந்த சிறை போய்விட்டது.

அது மட்டுமல்ல. அதைவிட எங்களை உறுத்தியது சாட்சி விஷயம்தான். ஆலைப் புகையை அளக்கக் கருவி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இருக்கிறது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் புகைபோக்கியிலேயே, இடைவிடாமல் அளந்து இணையம் வழியாக அனுப்பும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இலேயே உத்தரவு போட்டது. அளவு வாரியத்தின் கணினிக்குப் போகிறது. மீறினால் எச்சரிக்கைச் செய்தியும் போகும்.

ஆனால் நீதிமன்றத்தில் ஆலை மீது வழக்கு நிற்க வேண்டும் என்றால், காற்றுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு ஒரு சடங்கு வைத்திருக்கிறது. அதிகாரி நேரில் போக வேண்டும். மாதிரி எடுக்கிறோம் என்று ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் புகையைப் பிடிக்க வேண்டும். பாத்திரத்துக்குச் சீல் வைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த முறைப்படி எடுக்காத மாதிரியின் முடிவை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது.

எங்கள் அக்காவின் வண்டியை யாரும் நிறுத்தவில்லை. நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் படம் எடுக்கவில்லை. அவர் முன்னிலையில் சீல் வைக்கவில்லை. கம்பத்தில் இருந்த கருவி சொன்னது, முடிந்தது. ஒரே நாடு. ஏழையின் வண்டி என்றால் கருவியின் சொல் வேதவாக்கு. முதலாளியின் புகைபோக்கி என்றால் கருவியின் சொல் வெறும் தகவல்.

அபராதமே இல்லை என்று சொல்லவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அது செய்தியானது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அப்படி ஊரே ஓடினால் விசாரணை வருகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு முட்டினால் வருவதில்லை.

"காற்றுக்குச் சாதி இல்லை" என்று கூட்டங்களில் பேசுவார்கள். எங்கள் பெரியவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். கிராமத்தில் சேரியை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று பார், எங்கள் மேல் பட்ட காற்று ஊர்த்தெருவுக்குப் போகாத பக்கமாகப் பார்த்து வைத்திருப்பார்கள் என்பார்கள். அண்ணல் அம்பேத்கர் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போகச் சொன்னார். வந்தோம். நகரத்தில் எங்களுக்குக் கிடைத்த இடம் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கம், பெருங்குடி குப்பைமேட்டுக்குப் பக்கம், ஆலைச் சுவருக்குப் பக்கம். கூவம் கரையில் குடிசை போட்டவர்களைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். காற்றுக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். குப்பையை எங்கே கொட்டுவது, புகைபோக்கியை எங்கே நடுவது என்று முடிவு செய்பவர்களுக்கு இருக்கிறது.

சரி, உள்ளாட்சி என்ன செய்கிறது? 2019-இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. மாநகராட்சிகளுக்குப் பணம் வந்தது. அந்தப் பணம் எங்கே போனது என்று டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்குப் பார்த்தது. 64 விழுக்காடு சாலைப் புழுதியைக் கட்டுப்படுத்தப் போயிருக்கிறது. தொழிற்சாலை மாசுக்குப் போனது ஒரு விழுக்காடுகூட இல்லை. புழுதிக்குச் செலவு செய்தார்களே, அந்தப் புழுதியைக் கையால் பெருக்கும் எங்கள் அக்காவுக்கு என்ன வந்தது என்று கேட்டுப் பாருங்கள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் இன்றைக்கும் பெருக்குகிறார். அந்த வேலையை யார் செய்கிறார்கள், எந்தச் சாதி செய்கிறது என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அவர்களைக் கண்காணிக்க மட்டும் தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது. நாக்பூர், சண்டிகர் மாநகராட்சிகள் துப்புரவுத் தொழிலாளர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டிவிட்டன. எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அது சொல்லும். அவர்கள் மூச்சில் என்ன போகிறது என்று அது சொல்லாது. சென்னையில் 2025 ஆகஸ்டில் தனியார்மயம் வேண்டாம் என்று ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்தவர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள்.

கேமரா யார் பக்கம் திரும்பும் என்பதற்கு எங்கள் அனுபவத்தில் இருந்து இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில், அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் முடிந்து திரும்பிய எங்கள் இளைஞர்களை வழிமறித்து அடித்தார்கள். உண்மையறியும் குழுவாகப் போனோம். அடித்த இடத்துக்கு நேர் மேலே கம்பத்தில் கேமரா. பதிவைக் கேட்டோம். முதலில், அன்றைக்குக் கேமரா வேலை செய்யவில்லை என்றார்கள். அடுத்த முறை போனபோது, பதிவு அழிந்துவிட்டது என்றார்கள். வேலை செய்யாத கேமராவின் பதிவு எப்படி அழியும் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. சலான் போட்டால், அந்த வழக்கு முடியும்வரை படத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 167ஏ விதி சொல்கிறது. ஹெல்மெட்டுக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு எங்கள் ரத்தத்துக்கு இல்லை.

கேமராவைக் காற்றுக்காகவே பயன்படுத்திய இடங்களும் உண்டு. அவற்றையும் பார்த்தோம்.

டெல்லியில் 2025 ஜூலை 1 முதல் பெட்ரோல் பங்குகளில் நம்பர் பிளேட் படிக்கும் கேமரா வைத்தார்கள். 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் எரிபொருள் கிடையாது என்றார்கள். கார் வைத்திருப்பவர்கள் கூச்சல் போட்டார்கள். சில நாட்களிலேயே திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்த நாட்களில் தொலைக்காட்சியில் பேசியவர்கள் தங்கள் பழைய சொகுசுக் காரைப் பற்றிப் பேசினார்கள். பழைய வண்டியில் காய்கறி ஏற்றிப் பிழைப்பவரை நாங்கள் பார்க்கவில்லை. அந்தக் கேமராவும் வண்டியின் வயதைத்தான் பார்த்தது, புகையைப் பார்க்கவில்லை. ஓடும் வண்டியின் புகையை ஒளிக்கதிர் கொண்டு அளக்கும் கருவி உலகத்தில் இருக்கிறது. கொல்கத்தாவில் பல ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

லண்டனில் நடந்தது கொஞ்சம் வேறு. அங்கே லூயிஷம் பகுதியில், எப்போதும் வண்டிகள் நெரியும் தெற்கு வட்டச் சாலைக்குப் பக்கத்தில் எல்லா என்ற கறுப்பினச் சிறுமி வாழ்ந்தாள். கடுமையான ஆஸ்துமா. 2013-இல் 9 வயதில் இறந்துபோனாள். அவள் அம்மா ரோசமண்ட் விடவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, சிறுமியின் சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். அவள் மரணச் சான்றிதழில் காற்று மாசு என்ற சொல் ஏறியது. பிரிட்டனில் அதுவே முதல் முறை.

2019-இல் லண்டனின் மையப் பகுதியில் தொடங்கிய காற்றுக் கட்டண மண்டலம் 2023 ஆகஸ்ட் 29-இல் நகரம் முழுக்க விரிந்தது. அளவுக்கு மேல் புகைவிடும் வகை வண்டிகளைக் கேமரா நம்பர் பிளேட்டைக் கொண்டு கண்டுபிடிக்கும். ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். ஏழைகள் மேல் சுமை என்று அங்கேயும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அதனால் பழைய காரைக் கொடுத்தால் 2,000 பவுண்டு வரை, பைக் என்றால் 1,000 பவுண்டு வரை கொடுத்தார்கள். முதலில் ஏழைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், பிறகு எல்லோருக்கும். குறைகள் இருக்கலாம். ஆனால் ஒரு கை அபராதம் போட்டபோது இன்னொரு கை பணம் கொடுத்தது. எங்கள் ஊரில் ஒரு கைதான் நீள்கிறது.

எங்கள் தெருவில் மூச்சுத்திணறிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் சான்றிதழ் எழுத உதவியது நாங்கள்தான். எதிலும் காற்று என்ற சொல் இல்லை. எந்த அம்மாவும் எந்த நீதிமன்றத்திலும் கேட்கும் நிலையில் இல்லை. கேட்க ஆரம்பிக்க வேண்டும்.

அதனால் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். நீங்களும் உங்கள் வார்டில் கொடுங்கள்.

ஒன்று, எங்கள் தெருவில் கேமரா வைக்கும்முன் காற்றளவைக் காட்டும் பலகை வையுங்கள். ஆலைப் புகைபோக்கிக் கருவியின் அளவையும் அதே பலகையில் தமிழில் போடுங்கள். இரண்டு, கருவியின் சொல் எங்கள் மேல் செல்லும் என்றால் ஆலைகள் மேலும் செல்லும்படி சட்டத்தைத் திருத்தச் சொல்லி மாமன்றத்தில் தீர்மானம் போடுங்கள். மூன்று, தூய காற்றுப் பணத்தில் முதல் செலவு துப்புரவுத் தொழிலாளருக்கான முகக்கவசமும் மருத்துவப் பரிசோதனையும். நான்கு, பழைய வண்டியை எடுக்கச் சொன்னால் முதலில் மாற்று வண்டிக்குப் பணம். ஐந்து, சாதித் தாக்குதல் நடந்த இடத்தின் கேமராப் பதிவை, வழக்கு முடியும்வரை அழிக்கக்கூடாது.

உடனே செய்ய வேண்டியவையும் உண்டு. சலான் வந்தால் பயந்து உடனே கட்டிவிடாதீர்கள். படத்தைத் திறந்து பாருங்கள். தேதி, நேரம், இடம், உங்கள் வண்டி எண் சரியா என்று பாருங்கள். அந்த இடத்தில் கேமரா இருக்கிறது என்ற அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். தவறாக இருந்தால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்காவது நம் ஆட்கள் தாக்கப்பட்டால் அன்றைக்கே பக்கத்துக் கேமராவின் இடத்தைக் குறித்து, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் அன்றைக்கு வாய்ச்சொல்லை நம்பினோம். அது எங்கள் தவறு.

அக்கா இப்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். கரும்பலகையில் எண்ணும் தினமும் ஏறுகிறது. மனுவின் முதல் வரியாக ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்வியையே அப்படியே எழுதியிருக்கிறோம். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.

ஜெய்பீம்!